சத்தமில்லாத இடம்

சிவபாண்டியை மறுபடியும் வெட்டிவிட்டார்கள்.

அரிவாளால் இல்லை, போட்டோவில். யூடியூப் சேனல்காரன் பேட்டி எடுத்தபோது பாடகி தமிழ்வாணிக்குப் பக்கத்தில்தான் அவனும் உட்கார்ந்திருந்தான். முகப்புப் படத்தில் வந்தது தமிழ்வாணியின் முகமும் சிவபாண்டியின் இடது முழங்கையும். கீழே சிவப்பு எழுத்தில், "மௌனத்தால் சுட்ட மதுரைப் பொண்ணு!"

செல்போனைக் கவிழ்த்து வைத்தான். காது மடல் கொதித்தது.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாட்டு அவன் பெற்ற பிள்ளை. சமயநல்லூர் மாடி ரூமில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கச் செய்தது. மெட்டு கிடையாது. மேளம் கிடையாது. லைக் விழும்போது செல்போன் போடும் 'டிங்', கேஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டும் உறுமல், வாடிப்பட்டி பஸ் கண்டக்டரின் விசில்... எல்லாவற்றையும் நறுக்கி அடுக்கி, அதன்மேல் தமிழ்வாணியைப் பேசுகிற மாதிரியே பாட வைத்தான். "லோடு இல்ல மாப்ள." பாட்டின் பெயரும் அதுதான், பல்லவியும் அதுதான்.

அவள் அண்ணன் கருப்பு கடைசியாகக் கேட்ட வார்த்தையும் அதுதான்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் பிறந்தநாள் பார்ட்டி. ரீல்ஸ் எடுக்க ஒருவன் நாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தான். கருப்புவின் முகத்துக்கு நேரே நீட்டி, "லோடு இல்ல மாப்ள, கெத்தா சிரி" என்றான். கருப்பு சிரித்தான். லோடு இருந்தது.

அந்த வீடியோவையும் எவனோ அதிரடி சினிமாப் பாட்டு ஒட்டி ஏற்றிவிட்டான். போலீஸ் அதை நெட்டிலிருந்து தூக்குவதற்குள் லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டு மூடிக்கொண்டதால் வெடித்த சத்தம் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

சிவபாண்டி அந்தச் சத்தத்தைச் செய்தான். கோயில் வேட்டு, பீரோக் கதவு, தகரக் கூரையில் விழும் தேங்காய். மூன்றையும் குழைத்து ஒரே ஒரு வெடி. பல்லவி முடிகிற இடத்தில் வைத்து, தமிழ்வாணிக்குப் போட்டுக் காட்டினான்.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறை.

"எடுத்துருண்ணே."

"பாட்டோட உசுரே அதுதான் தமிழு!"

"எங்கம்மா அந்தச் சத்தத்தக் கேட்டதில்ல. என் பாட்டுல வந்து கேக்க வேணாம்."

"அப்ப அங்கன என்னத்த வைக்க?"

"ஒண்ணும் வைக்காத."

வைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் பாட்டு செத்துக் கிடக்கும். ஊர் உலகமெல்லாம் அந்த ஒரு மூச்சைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடியது. "அந்த மௌனம் இருக்கே, யப்பா!" மாதக்கணக்கில் அவன் இழைத்த மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் கை படாத ஒரே இடத்துக்குத்தான் அம்புட்டுக் கைதட்டலும்.

இன்னொரு குமைச்சலும் உண்டு. இந்தப் பக்கம் எந்தக் கச்சேரியானாலும் பாடுகிறவர்கள் நடுவில் நிறுத்தி, "கீபோர்டில் அண்ணன் இன்னார், பேடில் தம்பி இன்னார்" என்று பேர் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுப்பார்கள். தமிழ்வாணி பாடி முடித்தால் பேசாமல் இறங்கிப் போய்விடுவாள். அதையும் மௌனம் என்றார்கள். அதற்கும் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம், சமயநல்லூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானம். சிவபாண்டி மிக்ஸருக்கு ஒயர் சொருகிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் செட் பேயாண்டி வந்து நின்றான்.

"என்ன மாப்ள, உன் பாட்டுன்ட, பேனர்ல ஒன்னயக் காணோம்?"

"நல்லாப் பாரு. கீழ, ஓரத்துல இருக்கும்."

"அது ஜெனரேட்டர்காரர் பேருல்ல!"

சிவபாண்டி ஒயரை வேகமாகச் சொருகினான்.

தமிழ்வாணி ஒரு அம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அவள் அம்மா, தங்கப்பொண்ணு. மில்லில் ஷிப்டு முடிந்த கையோடு வந்தவள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணே, இது உன் பக்கத்துல உக்காரட்டும். கூட்டம்னா இதுக்கு ஆகாது."

"நல்லாருக்கியா தம்பி?" என்றாள் தங்கப்பொண்ணு. "பாட்டு பூராம் நீ செஞ்சதுதானாம்ல. வீட்ல இவ வாய் ஓயாது."

வீட்டில் சொல்கிறாள். மைக்கில் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

"அப்பறம்ணே, பாட்டு முடிஞ்சதும் ஒயரச் சுருட்டிறாத" என்றாள் தமிழ்வாணி. "அங்கனயே நில்லு. ஒரு சேதி இருக்கு."

என்ன சேதி என்று அவனே முடிவு செய்துகொண்டான். சென்னைக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிடுவதாகப் பேச்சு. அங்கே சவுண்டுக்கு ஒரு பட்டாளமே இருக்கும். சிவபாண்டி எதற்கு? கழற்றிவிடப் போகிறாள். அதுவும் ஊர் பார்க்க.

அவள் மேடைக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தான். அந்த வெடியை அவன் அழித்திருக்கவில்லை. சவுண்டு பேடின் கடைசிப் பொத்தானில் அதை ஏற்றினான். சும்மா இருக்கட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

"மௌன மகாராணி... தமிழ்வாணீ!" என்று அறிவிப்பாளர் அலறினார். மைதானம் கத்தியது.

பாட்டு ஆரம்பித்தது. டிங். டிங். உறுமல். விசில். ஒவ்வொன்றும் அவனுடையது, ஒவ்வொன்றும் அவளுக்காக வேலை பார்த்தது. கூட்டம் செல்போன் டார்ச்சைத் தூக்கியது. அந்த இடம் வரப்போவது எல்லோருக்கும் தெரியும்.

"லோடு இல்ல மாப்ள... லோடு இல்ல மாப்ள... லோடு..."

அறுந்தது.

அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். பைபாஸில் ஏதோ லாரி பிரேக் போட்டது தெளிவாகக் கேட்டது. மேடையில் தமிழ்வாணி கண்மூடி நின்றாள். மைதானம் மொத்தமும் அவள் கைக்குள் இருந்தது.

சிவபாண்டி பொத்தானை அமுக்கினான்.

ஸ்பீக்கர் அடுக்கு அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்காய்கள் மொத்தமாகக் கிளம்பின. முன்வரிசையில் பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள். ஒரு நொடி.

பிறகு விசில் பறந்தது.

"ஒன்ஸ் மோர்!"

"போடு தலைவா! இன்னொண்ணு போடு!"

சிவபாண்டிக்குள் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. அவன் சத்தம். அவனுக்குத்தான் இந்த விசில்.

சட்டைக் கையை யாரோ பிடித்தார்கள். தங்கப்பொண்ணு. நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

"இதுதானா தம்பி?"

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

"என் மகன் காதுல கடைசியா விழுந்தது இதுதானா?"

மேடையில் தமிழ்வாணி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவனை. வெகுநேரம் பார்க்கவில்லை. மைக்கை உயர்த்தினாள். மேடையில் அவள் பாடாமல் பேசுவது அதுதான் முதல் தடவை.

"பாட்டு முடிஞ்சதும் ஒருத்தர் பேரச் சொல்லணும்னு வீட்லயே சொல்லிப் பாத்துட்டு வந்தேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்பு. அந்தா, மிக்ஸர்ல நிக்கிறாரு. இந்தப் பாட்டு பூராம் அவரு செஞ்சது. இப்பக் கேட்டீங்கள்ல, அந்தச் சத்தமும் அவரு செஞ்சதுதான். சிவபாண்டி. நல்லாக் கை தட்டுங்க."

மைக்கைத் தரையில் வைத்தாள். இறங்கி வந்தாள். சிவபாண்டியின் சட்டையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அணைத்துக் கூட்டிப்போனாள்.

கேமரா திரும்பியது. பெரிய திரையில் சிவபாண்டியின் முகம் முழுசாக, நெற்றி வேர்வை வரைக்கும் தெரிந்தது.

"சிவபாண்டி! சிவபாண்டி!"

"மாப்ள, அமுக்குடா!" பேயாண்டி முதுகில் அறைந்தான். "ஜனம் கேக்குதுல்ல!"

சிவபாண்டி பேடின் ஒயரைப் பிடித்து இழுத்தான். ஒயர் கையோடு வந்துவிட்டது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. மைதானம் முழுக்க விரல்களைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, திரையில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்து வாயாலேயே சுட ஆரம்பித்திருந்தது.

"டுமீல்! சிவபாண்டி! டுமீல்!"