காசு மட்டும்

மண்கும்பான் கடற்கரை விடுதியின் வாசல் வேம்பில் ஓர் அறிவிப்பு மட்டை தொங்கியது: ‘மின்சாரக் கார் சார்ஜ் பண்ணலாம். காசு மட்டும்.’ கடைசி இரண்டு சொற்களைப் பார்த்த பிறகுதான் பவதாரணிக்கு மூச்சு வந்தது.

விடியக் கொழும்பிலிருந்து புறப்பட்டவள். கொழும்பில் எங்கே சார்ஜ் பண்ணினாலும் செயலியில்தான் காசு போகும். செயலியில் இருப்பது கணவன் நிலக்ஷனின் கணக்கு. அவள் வயரைக் கழற்ற முன்னமே, எந்த இடம், எத்தனை யூனிற் என்று அவனுக்குச் செய்தி போய்விடும். “வெள்ளவத்தையில ஏன் அவ்வளவு நேரம்?” என்று சாப்பாட்டு மேசையில் கேட்பான். ஒருநாளும் கை நீட்டியதில்லை. கேட்பான், அவ்வளவுதான். போகும் இடமெல்லாம் பதிலை மனதில் எழுதிக்கொண்டே போகிறவளாக அவள் ஆகிவிட்டிருந்தாள்.

தம்புள்ளையில் இயந்திரம் வங்கி அட்டையை ஏற்றது. அது அவளுடைய சம்பள அட்டை, தப்பினாள். யாழ்ப்பாணத்தில் திரும்பவும் செயலி. சார்ஜ் பண்ணாமலே வந்துவிட்டாள். தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலம் தாண்டும்போது பற்றரி சிவப்புக்கு வந்திருந்தது.

ஊர்காவற்றுறை இறங்குதுறை வரைக்கும் போனால் போதும். அங்கிருந்து படகில் அனலைதீவு. அங்கே படிப்பிக்கும் தோழி நிரோஜினி ஓர் அறையை அவளுக்கென ஒதுக்கி வைத்திருந்தாள். பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில் இருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அடுத்த நிமிடமே மருமகனுக்குச் சொல்லிவிடுவார்.

“பேய் வந்த மாதிரிச் சத்தமில்லாமல் வந்து நிக்கிறீர். ஹோர்ணெண்டாலும் அடிக்கிறதுக்கென்ன?” விடுதிக்கார அன்ரனிதாஸ் சிரித்தபடி வயரை இழுத்து வந்து கொழுவினார். “எவடம் பிள்ளை?”

“கொழும்பு அண்ணை. சும்மா கடல் பாக்க வந்தனான்.”

பொய் சுலபமாக வந்தது. வாசற் கதிரையில் இருந்து கடலைப் பார்த்தாள். இங்கே நோட்டைக் கொடுத்தால் நோட்டோடு முடிந்தது. அது எங்கும் போய் அவளைப் பற்றிச் சொல்லாது.

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்த அன்ரனிதாஸின் மனைவி ஜசிந்தா, அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“நீர் இறுப்பிட்டி மனோகரி ரீச்சற்றை மகளெல்லே? அந்த முகம், அந்த நாடி, அப்பிடியே ரீச்சர்தான்!”

பவதாரணியின் வாய் தானாக ஓம் என்றது.

“கொழும்பாம், கடல் பாக்க வந்தவவாம்!” என்றார் அன்ரனிதாஸ். “இறுப்பிட்டியில கடல் வத்திப்போச்சோ?”

கார் போதிய அளவு ஏறியதும் பவதாரணி காசை நீட்டினாள். ஜசிந்தா கையைத் தட்டிவிட்டாள்.

“விசரே உமக்கு? ரீச்சர் பிடிச்சு எழுத்துப் பழக்கின கையால உம்மட்டைக் காசு வாங்கிறதோ? நில்லும், ரீச்சருக்கு ஒருக்கா ஃபோன் அடிச்சு விடுறன். சந்தோசப்படுவா.”

தொலைபேசி ஒலிபெருக்கியில் மணியடித்தது.

“அக்கா, காசை வாங்குங்கோ.” பவதாரணி நோட்டை மறுபடி நீட்டினாள். “வாங்கினால் நான் ஆரோ ஒரு ஆள். வந்தது, போனது. வாங்காட்டி நான் ரீச்சற்றை மகள். அது உடனை கொழும்புக்குப் போயிடும்.”

“ஹலோ?” அம்மாவின் குரல். “ஆர், ஜசிந்தாவே?”

ஜசிந்தா பவதாரணியின் முகத்தைப் பார்த்தாள். காரின் பின் இருக்கையில் கிடந்த பெரிய பெட்டியைப் பார்த்தாள். தன் கணவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

“ஓம் ரீச்சர். ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான். சுகமாயிருக்கிறியளே?”

சொல்லிக்கொண்டே மற்றக் கையை நீட்டிக் காசை வாங்கினாள். எண்ணிப் பார்த்து, வேண்டுமென்றே, மிச்சமும் கொடுத்தாள்.

“முழங்கால்தான் குத்துது பிள்ளை,” என்றார் அம்மா. வாசலில் நிற்பது யாரென்று தெரியாத குரல். பவதாரணி ஒரு சொல் பேசினால் போதும், அம்மா கண்டுபிடித்துவிடுவார். மிச்சக் காசைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினாள்.

வேலணைச் சந்தி தாண்டினாள். எங்கே போகிறாய் என்று ஜசிந்தா அக்கா கேட்கவில்லை. இருந்தும், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கலாம் என்று, படகுத் துறை வரும்வரை அவள் மனம் பதிலை எழுதி எழுதி அழித்துக்கொண்டே வந்தது.