தறிக்குழியில் பத்து முட்டை

கடவுளுக்குக் கலர் சேர்க்கத் தெரியாது என்பது கமலக்கண்ணனின் முடிந்த முடிவு. இதை அவர் குறையாகச் சொல்வதில்லை. ஆரணியில் இருபது வருடமாகப் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர் என்ற முறையில், ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயமாகத்தான் சொல்வார்.

"யானைய எடுத்துக்கோ. அவ்ளோ பெரிய உடம்பு, ஒரே கலரு. பார்டர் இல்ல, முந்தானை இல்ல. ஒரு கிராஃப் பேப்பர் குடுத்திருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் தை மாதத்தில் அதை நிரூபிக்கவும் இறங்கினார். சென்னைக்குப் போனவர், வண்ண மீன் விற்கும் கடையிலிருந்து இரண்டு பாம்புகளோடு திரும்பி வந்தார். சோளப் பாம்பாம். அமெரிக்கச் சாதி, விஷமில்லை. ஆண் பாம்பில் கறுப்பு என்பதே கிடையாது. மேனியெல்லாம் குங்குமச் சிவப்பு. பெண் பாம்பில் சிவப்பு என்பதே கிடையாது. சாம்பல்மேல் கரித்துண்டால் வரைந்த மாதிரி இருந்தாள்.

"சோளம் தின்னுமா?" என்று கேட்டாள் மனைவி பரிமளா.

"எலி தின்னும்."

பட்டைக் கடிக்கிற எலியைத் தின்கிற ஜீவனை எந்தத் தறிக்காரியும் உடனே விரட்டிவிட மாட்டாள். பரிமளா வாசற்படியைத் தாண்டாமலே யோசித்தாள்.

"எதுக்குங்க இது?"

"சிவப்புப் பாவுல கறுப்பு ஊடை ஓட்டினா இன்னா வரும்?"

"டபுள் கலர். இப்படிப் பாத்தா சிவப்பு, அப்படிப் பாத்தா கறுப்பு."

"அதான். அவன் பாவு, அவ ஊடை. குட்டிங்க டபுள் கலர்ல வரும். உலகத்துலயே மொத தபா."

பரிமளா நெய்கிறவள். நெடுக்கே ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு மறுபேச்சு வராது. ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தாள். சொன்ன கலர் வந்தால் பாம்புகள் வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் தாய், தகப்பன், குட்டி எல்லாம் போளூர் தணிகாசலத்திடம் போய்விட வேண்டும். தணிகாசலம் வண்ண மீன் வளர்ப்பவர். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

"எழுதி வேணா குடுக்கிறேன்," என்றார் கமலக்கண்ணன்.

சித்திரைக் கடைசியில் பத்து முட்டைகள் வந்தன. நீளமாக, வெள்ளையாக, பெரிய பட்டுக்கூடுகள் மாதிரி. வெளியே வெயில் கொளுத்தியது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம், பாவு ஏற்றாமல் சும்மா கிடந்த இரண்டாவது தறியின் குழிதான். நெய்கிறவள் கால் வைக்கும் அந்தப் பள்ளத்தில், ஈரத் தென்னைநார்த் தூள் போட்ட டப்பாவில் முட்டைகளை வைத்தார்.

அதன்பின் மதியங்களில் அவரைக் குழிக்குள்தான் பார்க்க முடிந்தது. மேலே பக்கத்துத் தறியில், ஊடை நூலை இழுத்துக்கொண்டு பரிமளாவின் நாடா போய் வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் கண் சொக்கும். கனவில் தறியிலிருந்து ஒரு புடவை தானாக அறுத்துக்கொண்டு இறங்கும். வாசலைத் தாண்டி, தெருவோடு, கரை நெளிய நெளிய ஊர்ந்து போகும். யாரும் பயப்பட மாட்டார்கள். பெண்கள் கதவைத் திறந்து, "இந்தக் கலரு இருக்குதா?" என்று கேட்பார்கள். அது திரும்பிப் பார்க்கும்போது ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு.

இந்தக் கனவைப் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவிடம் மட்டும் சொன்னார். அய்யாக்கண்ணு சாயம் போடுகிறவர். பட்டு நூலைச் சாயத் தொட்டியில் முக்கும்முன் குனிந்து, புது மருமகளை வாசலில் கூப்பிடுகிற குரலில், "வாம்மா," என்பார். கேட்டால், "கலரு கூச்சப்படும்ணா. கூப்பிட்டாத்தான் வரும்," என்பார்.

கமலக்கண்ணனுக்கு ஊரிலேயே பெரிய சிரிப்பு இதுதான். "சாயத்துக்குக் காது எந்தப் பக்கம் இருக்குது, அய்யாக்கண்ணு?" என்பார். பஸ் லேட்டானால் ஸ்டாண்டில் நின்று, "வாம்மா," என்று அதே குரலில் கூப்பிட்டுக் காட்டுவார். கரண்ட் போனாலும் அப்படியே.

கனவைக் கேட்ட அய்யாக்கண்ணு, "ஒரு தபா கூப்பிட்டுப் பாரேன்ணா," என்றார்.

"என்னுது சயின்ஸ்பா."

ஆனி முடிகிற சமயம் முட்டைகள் கீறிக்கொண்டன. இரண்டு நாளில் ஒன்பது குட்டிகள். ஒன்பதும் ஒரே அச்சு: பழுப்பு உடம்பு, முதுகில் செங்கல் நிறத்தில் திட்டுகள். சிவப்புத் தகப்பனும் இல்லை, கறுப்புத் தாயும் இல்லை. அமெரிக்காவின் சோளக்காட்டில் கடவுள் முதன்முதலில் போட்ட அதே டிசைன்.

பரிமளா எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுதான் கமலக்கண்ணனுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது," என்றார்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாருங்க. போளூருக்கு போன் பண்ணிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் இரண்டு துணிப்பையோடு வந்துவிட்டார். குட்டிகளைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை.

"பாவு ஊடை இல்ல சார் இது. மீனுலயும் இப்படித்தான். ரெண்டு பேரோட கலரும் இதுங்க உள்ள ஒளிஞ்சிகினு இருக்கும். இதுங்களையே பெருசானதும் சேத்தா, பேரன் பேத்தியில சிவப்பும் வரும், கறுப்பும் வரும். பதினாறுக்கு ஒண்ணு சுத்த வெள்ளையாவும் வரலாம்."

கமலக்கண்ணன் குட்டிகளை மாற்றி வைத்திருந்த டப்பாவுக்குள் பார்த்தார். பழுப்புச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று தூங்கின. பாவு சுற்றிய உருளையில் உள்சுற்று நூல் கண்ணுக்குத் தெரியாது. தறி ஓட ஓடத்தான் வெளியே வரும். இது அவருக்குத் தெரியாததல்ல.

"டீ குடிங்க, வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கினார்.

பத்தாவது முட்டை கீறாமல் கிடந்தது. ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. ஒன்பது குட்டிகள் ஒரே கலரில் வந்த பிறகு இது மட்டும் டபுள் கலரில் வரும் என்று நம்ப, கமலக்கண்ணனிடம்கூட நியாயம் மிச்சமில்லை. ஆனால் முட்டையை விரலால் தொட்டபோது, கலர் என்ற விஷயமே நினைவுக்கு வரவில்லை. சில்லென்று இருந்தது. அது ஒன்றுதான் மனசில் பட்டது.

"சார், பத்தரை பஸ்ஸு," என்று முன்கூடத்திலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது.

மேலே பரிமளாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் வெளியே கேட்காது. கமலக்கண்ணன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கையையும் முட்டையைச் சுற்றிக் குவித்தார். பிறகு, எந்தப் பக்கம் காது என்று தெரியாததால் நடுவாகக் குனிந்து, மிகவும் தணிந்த குரலில், "வாம்மா," என்றார்.

பரிமளாவின் நாடா நின்றது.

அவர் நிமிரவில்லை. விரலிடுக்கில் முட்டைத்தோல் ஒரு நூல் அளவு பிரிந்தது. அரிசிமுனை போல ஒரு மூக்கு வெளியே வந்து, குழியின் ஈரக்காற்றை மோந்தது. அந்த இருட்டில் அது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. டார்ச் பக்கத்திலேயே கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

"தணிகாசலம் அண்ணே," என்று மேலே பரிமளா சொல்வது கேட்டது. "இன்னொரு டீ போடறேன். அடுத்த பஸ்ஸுக்குப் போலாம். நீங்க மட்டும்."