முகம் திருப்பிய யூனோ

வெட்டேனியஸின் கை பட்ட வெள்ளிக்காசுகளில் எல்லாம் யூனோ தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோமில் அந்த வருஷம் ஆலிவ் விளைச்சலும் சுமார்தான். அவன் நீட்டிய காசில் தேவியின் கன்னம் இருந்த இடத்தில் பின்கொண்டை மட்டும் தெரிந்தது. புரட்டிப் பார்த்தால் மறுபக்கம் வழக்கம்போலச் சுத்தியலும் இடுக்கியும் இருந்தன.

காரணம் ஊருக்கே தெரியும். தேவியின் கோயிலை ஒட்டிய, காசடிக்கும் பட்டறைக்கு அவன்தான் மேலாள். செம்புக்கு வெள்ளி முலாம் பூசிக் காசடித்துக் கொழுத்தவன். சந்தையில் யாரோ ஒரு காசை உளியால் வெட்டிப் பார்த்ததில் குட்டு உடைந்ததும், அங்கே சுத்தியல் அடித்த தொழிலாளி பிலோனிக்கஸ்மேல் பழியைப் போட்டு, தேவியின் பீடத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியமும் செய்தான். ஸ்பெயின் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட பிலோனிக்கஸ் அங்கேயே செத்தான். அவன் மனைவி செப்டீசியா கோயில் சரிவில் ரொட்டி விற்றாள். இந்தப் பாவியின் வாயாலேயே உண்மை வரவேண்டும் என்று அடுப்பு மூட்டும்போதெல்லாம் வயிறெரிய வேண்டிக்கொண்டாள்.

"தேவியே பாக்க மாட்டேங்கறா, நான் எதுக்குய்யா பாக்கணும்?" என்று மீன்காரன் முதலில் கைவிரித்தான். பிறகு எல்லாக் கடையும் அப்படித்தான். அடிமையை அனுப்பினாலும், வீட்டை விற்றாலும், வந்த காசெல்லாம் அவனுக்கு முதுகைக் காட்டின. அடிமைகள் ஓடிப்போனார்கள், உறவினர்கள் ஊர் மாறினார்கள். பெட்டி நிறைய வெள்ளியை வைத்துக்கொண்டு அவன் எலும்பும் தோலுமானான். செப்டீசியாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது. கடைசியில் அவள் கடைக்கே வந்து, கூட்டத்துக்கு நடுவே காசை நீட்டினான்.

"அம்மா, செம்புக்கு முலாம் பூசுனது நான்தான். உன் புருஷன் ஒரு பாவமும் அறியாதவன்."

"சத்தமாச் சொல்லுய்யா, பின்னாடி கேக்கல!" என்றான் கடைசியில் நின்ற ஒருவன். வெட்டேனியஸ் அழுதுகொண்டே மறுபடியும் சொன்னான். அவன் உள்ளங்கையில் தேவி மெல்லத் திரும்பினாள். முதலில் மூக்கு, அப்புறம் கண்.

"தேவியே மனசு எறங்கிட்டா, ரொட்டியக் குடுத்துடு செப்டீசியா" என்றார்கள் வரிசையில் நின்றவர்கள்.

"அவ எறங்குவா. சுரங்கத்துல செத்தது அவ புருஷனா?"

தேவி அதைக் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மறுபடியும் கொண்டையைக் காட்டிக்கொண்டாள். வெட்டேனியஸ் அங்கேயே சரிந்து விழுந்தான். வரிசை அவனைச் சுற்றி வளைந்துகொண்டது.

"எனக்கு ரெண்டு ரொட்டி. நல்லாச் செவந்ததாப் பாத்துக் குடு" என்றான் அடுத்தவன்.