சிமெண்டுக்குள் போன ஆண்டு

வரப்பிலேயே சாய வாடை அடித்தது. வைரவநாதன் மோட்டார் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

சதுப்புக் காட்டோரத்து முனியாண்டி கல், போன வாரம் கறுத்துப் பாசி படிந்து நின்றது. இன்று புதுச் சாயத்தில் பச்சை உடம்பு, சிவப்பு உதடு, முறுக்கு மீசை. அடியில் புதுச் சிமெண்டு.

"எப்படி இருக்கு கிராணி?" என்றார் எஸ்டேட் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நாராயணசாமி. "பெரிய அதிகாரி வர்றாரு, சுத்தமா வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? லயத்து வீட்டுச் சனமே கூடி வேலை பார்த்துச்சு லா."

சொன்னது அவன்தான். காடு பூங்காவாகப் போகிறது. உள்ளே இருக்கும் கோயில், கல்லறைகளைப் பட்டியல் எடுப்பது நில அலுவலகக் குமாஸ்தாவான அவன் வேலை. பழையது என்று அதிகாரி ஒப்பினால் நிற்கும். புதிது என்றால் இடிபடும். கல்லின் அடியில் 1909 என்று வெட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தவன் படம் எடுக்க மறந்திருந்தான். மனைவி மங்கையற்கரசி இறந்துபோன ஐந்து மாதமாக எல்லாமே பாதியில் மறந்தது.

"அடியில இருந்த ஆண்டு எங்கே?"

"அதுவா, கோணல்மாணலா இருந்துச்சு. பூசிட்டோம்."

"கொத்தி எடுங்க. அரை மணியில வந்துடுவாரு."

மண்டோர் பின்வாங்கினார். "சாமிக்குக் கண்ணு தொறந்தாச்சு கிராணி. இனிமே உளி வச்சா எங்க குடும்பம் வெளங்குமா?"

சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. வைரவநாதன் உளியைத் தேடி எடுத்தான். பூசைக்குப் பூக்கட்டும் சின்னம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாம் தம்பி. சம்சாரம் போயி வருசம் திரும்பல. தீட்டோட சாமியைத் தொடக்கூடாது."

"சுத்தமா இருக்கற நீங்க தொடமாட்டீங்க. தீட்டுக்காரன் நான் தொடக்கூடாது. அப்ப புல்டோசர் தொடட்டுமா?"

"சாமி கோவிச்சா?"

"எங்கிட்டேருந்து எடுக்க இன்னும் என்ன இருக்கு?"

அவள் விலகினாள். முதல் அடிக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். சிமெண்டு இன்னும் இறுகவில்லை, பெயர்ந்து வந்தது. முதல் ஒன்பதில் உளி வழுக்கிக் கல்லில் சில்லு தெறித்தது. கடைசி எண் தெரிந்தபோது ஜீப் வந்து நின்றது.

அதிகாரி குனிந்து தடவினார். யார் உடைத்தது என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்."

முதலில் அவன் பெயரை எழுதினார். பிறகு ஆண்டை எழுதினார். "இது நிற்கட்டும். ஆனால் இனி யாரும் கை வைக்கக்கூடாது."

ஜீப் போனதும் மண்டோர் கும்பிட்டார், கல்லையா அவனையா என்று தெரியவில்லை. சின்னம்மா மஞ்சள் தண்ணீர் வாளியோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க தொட்ட இடத்தைக் கழுவணும்."

வைரவநாதன் விலகி நின்றான். அவள் ஊற்றுவதைப் பார்த்தான்.

"சாமியோட முதுகுப் பக்கமும் ஊத்துங்கம்மா," என்றான். "அங்கேயும் கை ஊன்றினேன்."