கனமான பெடல்

கழற்றிய கிளச்சை மெக்கானிக் மேஜைமேல் வைத்தார். எதிரே நின்றவர் காரின் சொந்தக்காரர் மட்டுமல்ல, தங்கையின் கணவரும்கூட. ஆகவே உண்மையைச் சொல்வதில் கொஞ்சம் சிக்கல் இருந்தது.

“எல்லாம் உங்க தங்கச்சி வேலைதான் மச்சான். ஆறு மாசமா ஓட்டிப் பழகுறா. கிளச்சுல வச்ச காலை எடுக்கிறதே இல்ல, தேச்சுட்டா,” என்றார் மாப்பிள்ளை.

பிளேட் தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் அதன் நடுவில் இருக்கும் ஆறு ஸ்பிரிங்குகளில் இரண்டு முறிந்து கிடந்தன. பழகுகிறவர்கள் தேய்ப்பார்கள், முறிக்க மாட்டார்கள். சிக்னலில் பக்கத்து வண்டியை முந்த எஞ்சினை அலறவிட்டு, சட்டென்று காலை எடுப்பவர்களுக்குத்தான் ஸ்பிரிங் முறியும். முந்நூற்றைம்பது குதிரைத்திறன் வண்டியை வாங்கியவருக்கு வயது நாற்பத்தாறு. சிக்னலில் வயதை யார் கேட்கிறார்கள்?

“ரெட்டை பிளேட் போடலாம். பாரத்தை ரெண்டும் பங்கு போட்டுக்கும், பெடல் லேசா இருக்கும். இல்லேன்னா ஒத்தை பிளேட்டே வச்சு, அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை மட்டும் முரட்டுத்தனமானதா மாத்தலாம். அதுவும் பிடிக்கும். ஆனா பெடல் ரெண்டு மடங்கு கனக்கும். விலை ஏறக்குறைய ஒண்ணுதான்.”

“கனமானதே போடுங்க.”

“தினம் நெரிசல்ல ஓட்டுற வண்டி, மாப்பிள்ளை.”

“போடுங்க மச்சான். அவளால மிதிக்க முடியாது. வண்டி பிழைச்சுக்கும்.”

மாப்பிள்ளை முறுக்கு பதினேழு வருடமாகியும் தளரவில்லை. மெக்கானிக்குக் கோபம் வந்தது. தங்கை தனக்கென்று ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். ஆனால் இவரிடம் வாய் கொடுத்தால், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளப்போவது அவள். முறிந்த ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. தங்கை பதினோரு வருடமாக சைக்கிளில் தபால் கொடுப்பவள். அவளுக்குக் கொடுத்திருக்கும் தெருக்கள் முக்கால்வாசி மேடு. மெக்கானிக் மாப்பிள்ளை கேட்டதையே மாட்டிக் கொடுத்தார். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பார்கள். அன்று அதற்கு ரசீதும் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் வண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தவள் தங்கை, தபால் சீருடையில். பக்கத்து இருக்கையிலிருந்து மாப்பிள்ளை இறங்கிய விதத்தைப் பார்த்தால், இடது முழங்கால் அவருடையதுதானா என்று சந்தேகம் வரும்.

“மச்சான், அந்த ரெட்டை பிளேட்டையே போட்டுடலாம். பாவம், இவளுக்குக் கால் வலிக்குதாம்.”

மெக்கானிக் தங்கையைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் வலிக்கலண்ணா. நல்லாத்தான் இருக்கு, இதுவே இருக்கட்டும்,” என்று சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள் அவள்.

“ஓட்டுறவங்க சொல்றதுதான் கணக்கு, மாப்பிள்ளை,” என்றார் மெக்கானிக்.

முறிந்த ஸ்பிரிங்குகள் கிடந்த இழுப்பறையைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.