ஆர்ட்மெல்லனின் பதினேழு பேர்

தக்கலையில் எங்கள் சபையின் ஆலயத்தைக் கட்டிய பாதிரியார் ஆர்ட்மெல்லன் என்ற ஸ்காட்லாந்துக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். அந்த ஊரைப் பற்றி இணையத்தில் வாசிக்கத் தொடங்கி, மூன்று வருடத்தில் அந்த ஊர்க்காரர்களுடைய பழைய அடக்கப் பதிவேடுகளைப் படியெடுத்துக் கொடுப்பவனாகிவிட்டேன். எல்லாம் மின்னஞ்சலில். வாய் திறக்கத் தேவையில்லாத உறவு என்பதால் நன்றாகவே வளர்ந்தது.

1875 புயலில் மூழ்கிய பதினேழு மீனவர்களின் பெயர்களை இந்த வருட நினைவு நாளில் நானே காணொளியில் வாசிக்க வேண்டும் என்றார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழாது. ஆனால் வேறொருவர் வாசிப்பதையும் தாங்கமுடியாது. மங்கிய மையிலிருந்து அவர்களை ஒவ்வொருவராக மீட்டவன் நான்.

சாயங்காலம் ஆறரை மணி; அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். திரையில் ஊர்மன்றம், கம்பளிச் சட்டையில் முப்பது பேர். தலைவி மோராக் என்னை அழைத்தார். வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பத்து நொடி. இருபது நொடி. பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து தலைகுனிந்தார். பிறகு அடுத்தவர். பிறகு முப்பது பேரும். என் தொண்டை அடைத்ததை மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டார்கள்!

இதை எப்படி முடிப்பது? சாயாவோடு உள்ளே வந்த என் அக்கா நேசம்மாள் குனிந்த தலைகளைப் பார்த்தாள்.

"ஜெபமா நடக்கு? சொல்லாண்டாமாலே?"

கண்ணை மூடி உரக்க ஆரம்பித்துவிட்டாள். ஆர்ட்மெல்லனுக்காக, அங்குள்ள குளிருக்காக, என் சுகருக்காக, தன் மகள் பிரீனாவின் பேறுகாலத்துக்காக. நான்கு நிமிடம். அவள் "ஆமென்" சொன்னதும் முப்பது குரல்கள் "ஆமென்" என்றன.

"இனி வாசில" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த அடியில் முதல் பெயர் வெளியே விழுந்தது. ஒரே பெயரில் பலர் இருந்ததால் பதிவேட்டிலேயே பட்டப்பெயரும் உண்டு. வாத்து ஜேம்ஸ் மெயர். காக்கா ஜேம்ஸ் மெயர்.

"ஐயோ மக்கா! நம்ம ஊருல எலி ஞானையன், வண்டி ஞானையன்னு சொல்லுகது மாதியில்லா!"

அக்கா குலுங்கிச் சிரித்தாள். மோராக் காரணம் கேட்க, என் வாயே ஆங்கிலத்தில் விளக்கியது. வாத்து ஜேம்ஸின் கொள்ளுப்பேரன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மன்றமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பின்மேல் ஏறிநின்று மீதிப் பெயர்களையும் வாசித்தேன். ஒன்றுகூடத் தடுக்கவில்லை.

பதினேழும் முடிந்தன. நான் முடிக்கவில்லை. யார் படகில் யார், யாருக்கு யார் மச்சான், யார் அன்று போகமாட்டேன் என்று அடம்பிடித்தவர்... முக்கால் மணி நேரம். கடைசியில் அக்காதான் மடிக்கணினியை மூடக் கைவைத்தாள்.

"போதும்லே. அவியளுக்குப் பசிக்காதா?"