சேஞ்ச் அக்காவின் லீவு

டிப்போவில் அவளுக்கு 'சேஞ்ச் அக்கா' என்று பெயர். சில்லறை இல்லை என்று எந்தப் பயணியிடமும் கையை விரிக்காத கண்டக்டர் என்பது ஒரு காரணம். யார் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலும் டூட்டியை மாற்றிக்கொடுப்பாள் என்பது இன்னொன்று. அவள் இறந்த இரண்டாவது வாரம், பிற்பகல் மூன்று மணிக்கு, ஓய்வறையில் அஞ்சலிக் கூட்டம் போட்டார்கள். டூட்டி சார்ட் ஒட்டும் பலகையில் அவள் படம் தொங்கியது.

முன்வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் டைம்கீப்பர். டூட்டி போடுவதும் லீவுக்குக் கையெழுத்திடுவதும் அவர்தான். பதினோரு வருடமாக மகள் அவர் முகத்தில் விழித்ததில்லை. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று அவள் பத்தொன்பது வயதில் தனியாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "உங்கம்மா வந்துட்டாளா?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டு உள்ளே போன அப்பா உயிரோடு வெளியே வரவில்லை. அம்மா சாயங்காலம் யூனிபார்மோடு வந்து நின்றாள். "டைம்கீப்பர் லீவு தரலடி" என்றாள். துக்கம் விசாரிக்க வந்த அந்த மனிதரை மகள் வாசலிலேயே மறித்து, தெருவே கேட்க வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர் பதில் பேசாமல், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போனார். சொந்தபந்தத்தில் இன்றுவரை அவர் 'அந்தப் பாவி'.

கூட்டத்தில் ஒரு டிரைவர் பேசினார். "டூட்டி மாத்துறதுக்காக என் மாமனாரை மூணு தடவை சாகடிச்சிருக்கேன். 'இந்தத் தடவையாவது நிஜமாப் போயிட்டாராடா'ன்னு கேட்டுக்கிட்டே அக்கா பையைத் தூக்குவாங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து 'குண்டு' என்று அழைக்கப்படும் கண்டக்டர் எழுந்தார். "ஆத்துப் பாலத்துல லாரி கவுந்துச்சே, அன்னிக்கு நான் வீடு மாத்தணும். முந்தின நாள் அக்காகிட்ட போய் நின்னேன். 'நாளைக்கு நான் சும்மாதான்டா இருக்கேன், உன் டூட்டிய நான் பாத்துக்கறேன், போ'ன்னாங்க."

மகளுக்கு அந்த லாரியைத் தெரியும். ஆபரேஷன் அன்று காலை அப்பாவை ஏற்றிய டாக்ஸி அதற்குப் பின்னால்தான் முக்கால் மணி நேரம் நின்றது. லீவு கிடைக்காதவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு அம்மாவுக்கு லீவு குடுத்தீங்களா, இல்லையா?"

டைம்கீப்பர் தரையைப் பார்த்தார். "ஒரு வாரம் முன்னாடியே குடுத்துட்டேன்மா."

"அப்ப நான் அத்தனை பேச்சு பேசுறப்ப ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க?"

"அக்கா கேட்டுக்கிட்டாங்க. 'புள்ளகிட்ட உங்க பேரைச் சொல்லிட்டேன், கொஞ்சம் தாங்கிக்கங்க சார்'னு. யார்கிட்டயும் எதுவும் கேக்காத மனுஷி. எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

மைக்கில் யாரோ, அக்காவுக்கு இல்லை என்று சொல்லவே தெரியாது என்றார்கள். வெளியாட்களிடம் மட்டும்தான் தெரியாது, என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

"மகளும் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று சங்கச் செயலாளர் அழைத்தார்.

மகள் போய் மைக்கைப் பிடித்தாள். "அப்பா ஆபரேஷனுக்கு டைம்கீப்பர் லீவு தரலைன்னு அம்மா சொன்னாங்க. அது பொய். அவர் குடுத்திருந்தார். அம்மாதான் அதை வேற ஒருத்தருக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க."

யாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தயக்கம் அம்மாவிடமிருந்து வந்தது என்று தெரிந்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது. குண்டு மனசுக்குள் தேதியைக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

டைம்கீப்பர் எழுந்தார். "பொண்ணு துக்கத்துல பேசுது. லீவு தராதது நான்தான். அன்னிக்கு ஆள் பத்தல."

"அதானே" என்றாள் ஒருத்தி. "அக்காவாவது, பொய் சொல்றதாவது."

செயலாளர் மகளின் கையிலிருந்து மைக்கைப் பதமாக வாங்கிக்கொண்டார். முதலில் திரும்பி டைம்கீப்பரை முறைத்தது குண்டுதான்.

பிறகு டீ வந்தது. தட்டை ஏந்தி வந்தவள் கடைசி வரிசையில் டைம்கீப்பரைத் தாண்டி, பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள்.